காலி பண்ணச் சொன்ன அக்கா

"இப்ப எத்தினி மாசம்?" என்றுதான் மில்கார அக்கா என்னிடம் முதன்முதலில் கேட்டார். மாவு மில்லில் நாலைந்து பேர் தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "அதெல்லாம் இல்லக்கா, ரெண்டோட ஆபரேஷன் பண்ணிக்கினேன்" என்றேன். மில்லே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"உன் வயித்த யாரு கேட்டா? வூட்டக் கேட்டேன். இடிச்சிட்டியா, பேஸ்மட்டம் போட்டுட்டியா?"

எங்கள் வீடு காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டையில். ஓடு சரிந்து, மழைக்கு மூன்று மூலையிலும் ஏனம் வைக்க வேண்டிய வீடு. அதை இடித்துவிட்டுக் கட்டிக்கொள்ள அரசாங்க மானியத்துக்கு எழுதிப் போட்டு, ஆர்டரும் வந்துவிட்டது. ஆர்டர் வந்த சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பழைய வீட்டை இடித்தால்தான் புதியதைக் கட்ட முடியும். அதுவரைக்கும் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், என் வீட்டுக்காரர் எங்கே தறி போடுவார்?

மானிய வீடு கட்டுகிறவர்கள் என்று தெரிந்தாலே காஞ்சிபுரத்தில் ஹவுஸ் ஓனர்களுக்கு முகம் சுருங்கிவிடும். பேஸ்மட்டம் எழும்பினால் ஒரு பில், லிண்டல் வரை சுவர் வந்தால் ஒரு பில், ரூஃப் போட்டால் ஒரு பில் என்று பணம் படிப்படியாகத்தான் வரும். ஒவ்வொரு படிக்கும் ஓவர்சியர் வந்து, வீட்டுக்காரரைச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்து செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போக வேண்டும். எப்போது முடியும் என்று அந்த வரதராஜப் பெருமாளுக்கே தெரியாது. அதோடு நாங்கள் நெசவு. தறி இறக்கத் தரையில் குழி தோண்ட வேண்டும், கால் இரண்டையும் குழிக்குள் விட்டு மிதித்தால்தான் தறி ஓடும். யார் தன் வீட்டுத் தரையைத் தோண்ட விடுவார்கள்? ஒருவர், "தறிய மாடியில வச்சிக்கறீங்களா?" என்று கேட்டார். மாடியில் குழி தோண்டினால் கீழ்வீட்டுக்காரர் தலையில்தான் கால் தொங்கும்.

அப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் சின்ன காஞ்சிபுரத்தில் மில் வைத்திருக்கும் அக்காவைப் போய்ப் பார் என்றார்கள். மில்லுக்குப் பின்னால் வரிசையாக நாலு போர்ஷன். இரண்டில் தறிக்குழியே போட்டு வைத்திருந்தார். அதில் அவர் குடிவைத்ததெல்லாம் எங்களைப் போல வீட்டை இடித்துவிட்டு நிற்பவர்களைத்தான். மாதச் சம்பளக்காரர் வந்து அட்வான்ஸை நீட்டினாலும் அனுப்பிவிடுவார். "அவனுக்கு எங்க வேணாலும் வூடு கெடைக்கும். எனுக்கு வர்றவன் போவணும், போவறத நான் பாக்கணும்" என்பார்.

ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, புருவத்தில் எப்போதும் மாவு. கோயிலுக்குப் போனாலும் அதே புருவம்தான். மில் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகியதால் வீட்டுக்குள் ரகசியம் பேசினாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். பிள்ளை இல்லாத ஏக்கத்தில் இப்படி ஊருக்கெல்லாம் வீடு விடுகிறார் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். ஓசூரில் ஒருவன், சென்னையில் ஒருவன் என்று தடியாக இரண்டு மகன்கள். இரண்டு பேரையும் போனில் திட்டிக்கொண்டேதான் இருப்பார்.

முதல் நாளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்கு வந்தார். ஆர்டர் காகிதத்தை நீட்டினோம், அவர் வாங்கக்கூட இல்லை. நேராக வீட்டுக்குப் பின்னால் போய் போர்வெல்லில் தண்ணீர் வருகிறதா என்று மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். லாரி தெருவுக்குள் நுழையுமா என்று சந்தின் அகலத்தைக் காலடி வைத்து அளந்தார். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரரின் அண்ணன் என்றோம்.

"பேச்சுவார்த்தை உண்டா?"

"இருக்குதுக்கா" என்றார் என் வீட்டுக்காரர், இழுத்தாற்போல.

அக்கா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவியை என் கையில் கொடுத்தார். "நல்லா கேட்டுக்கமா. என் வூடு லாட்ஜு கெடயாது, பிரசவ வார்டு. வந்தமா, பெத்தமா, தூக்கிக்கினு போனமான்னு இருக்கணும். ரூஃப் போட்ட நாப்பதாம் நாளு காலி பண்ணிடணும். நாப்பத்தி ஒண்ணாம் நாளு இருந்தா வாடக ரெண்டு பங்கு."

இதுதான் அவருடைய அக்ரிமெண்ட். டைப் அடிக்கிற கடைக்காரர் பதினோரு மாதம் என்று போடத்தான் சட்டம் இருக்கிறது என்று மன்றாடிப் பார்த்திருக்கிறார். "எந்தப் புள்ள உன் சட்டத்தப் பாத்து பொறக்குது?" என்று இவர் எழுந்து வந்துவிட்டாராம். அதிலிருந்து ஒரு நோட்டில் தானே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்.

பேஸ்மட்டம் மூன்றாம் மாசம், லிண்டல் அஞ்சாம் மாசம், ரூஃப் வளைகாப்பு. இந்தக் கணக்கு போர்ஷன்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ரூஃப் போடுகிற அன்றைக்கு யார் வீடாக இருந்தாலும் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று அஞ்சு தினுசும் கிண்டி எடுத்துக்கொண்டு கான்கிரீட் ஆட்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். போட்டுவிட்டு வந்த கையோடு அந்தக் குடும்பத்திடம், "இன்னிக்கி ஒண்ணு" என்று நாள் எண்ணத் தொடங்கிவிடுவார். சோறு போட்ட கையே விரட்டுவதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அன்பா, ஆள் போய்த் தொலையட்டும் என்கிற அவசரமா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

மூன்றாவது போர்ஷனில் ஒருவர் இருந்தார். சாயப்பட்டறை வேலை. வாய் நிறையச் சிரிப்பு. வீட்டை முடித்தும் காலி பண்ணாமல், ஜன்னலுக்குக் கண்ணாடி வரவில்லை, தரை ஈரம் காயவில்லை என்று இழுத்துக்கொண்டே இருந்தார். இரட்டை வாடகையையும் முகம் கோணாமல் கொடுத்தார். அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தால், மானியத்தில் கட்டின புது வீட்டில் கம்பெனி வேலைக்குப் போகிற ஒரு ஜோடி குடியிருக்கிறது. அங்கே வாங்குகிற வாடகையில் இங்கே இரட்டையாகக் கொடுத்தும் அவருக்கு மிச்சம்.

அக்கா ஆபீசுக்கு மனுப் போடவில்லை. அந்தக் கம்பெனி ஜோடியிடம், "பஸ் ஸ்டாப்பு பக்கத்துலயே என்கிட்ட ஒரு போர்ஷன் காலியா இருக்குது. இதவிட கம்மிக்கித் தர்றேன், வர்றீங்களா?" என்று கேட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே குட்டியானை வண்டியில் சாமானை ஏற்றி நாலாவது போர்ஷனில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மாதச் சம்பளக்காரருக்கு அவர் வீடு விட்டது அந்த ஒரே தடவைதான். பிறகு மூன்றாவது போர்ஷன் வாசலில் போய் நின்றார்.

"உன் புள்ள அங்க தொட்டில்ல தனியா அழுவுது. போய்த் தூக்கு."

அவர் சிரித்துக்கொண்டே என்னவோ சொல்லப் பார்த்தார். அக்கா நகரவே இல்லை. மறுவாரம் அவர் போனார். போகும்போது அவர் மனைவி தெருவில் நின்று அக்காவைக் கேட்ட கேள்வியை நான் இங்கே எழுத முடியாது. அக்கா துண்டால் புருவத்தைத் துடைத்துக்கொண்டு மில்லுக்குள் போய் சுவிட்சைப் போட்டார். நாங்களெல்லாம் அன்றைக்கு அக்கா கட்சி. அவனுக்கு நன்றாக வேண்டும் என்று பேசிக்கொண்டோம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

எங்கள் வீடு லிண்டலோடு நின்றுபோனது. என் வீட்டுக்காரரின் அண்ணன் ஒருநாள் வந்து நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, கிழக்குச் சுவர் தன் பக்கம் ஒரு முழம் ஏறியிருக்கிறது என்றார். இவர் இல்லை என்றார். வார்த்தை தடித்தது. செத்துப்போன என் மாமனாரையும் நடுவில் இழுத்தார்கள். கொத்தனார் கரணையைக் கழுவி எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். "அவனா வந்து பேசட்டும்" என்று இவரும், "சின்னவன் வரட்டும்" என்று அவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு மாதம் இரண்டானது, மூன்றானது. ஓவர்சியர் போன் பண்ணி, இந்த வருஷத்துக்குள் ரூஃப் போடாவிட்டால் ஆர்டர் கேன்சல் ஆகிவிடும், மறுபடியும் கிடைக்காது என்றார். இவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அக்காவின் போர்ஷனில் தறி நன்றாக ஓடியது. நூல் கொடுத்துச் சேலை வாங்கிக்கொள்ளும் முதலாளியின் கடை பக்கம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். தண்ணீருக்குக் குறைவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "இங்கயே இருந்துட்டா இன்னாமா?" என்றார். உள்ளதைச் சொன்னால் எனக்கும் அந்த ஆசை எட்டிப் பார்த்திருந்தது.

அக்கா மட்டும் தினமும் கேட்டார். தண்ணீர் பிடிக்கப் போனால், "எத்தினி மாசம்?" வாடகை கொடுக்கப் போனால், "எத்தினி மாசம்?" "அஞ்சுலயே நிக்குதேமா, உள்ள உசுரு இருக்குதா இல்லயா?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். நான் வீட்டுக்குள் வந்து அழுதேன். வாடகை ஒழுங்காகக் கொடுக்கிறோம், ஒரு சத்தம் சந்தடி இல்லை, பிறகு எதற்கு இந்தப் பேச்சு என்று ஆத்திரமாக இருந்தது.

தறியில் நீளவாக்கில் கட்டும் நூலைத்தான் பாவு என்போம். ஒரு பாவில் மூன்று சேலை. மூன்றாவது சேலையை அறுத்தெடுத்த பிறகுதான் புதுப் பாவைப் பிணைப்பார்கள். அந்த இடைவெளியில் ஒன்றிரண்டு நாள் தறி வெறுமனே நிற்கும். அன்றைக்கு இவர் சேலையைக் கொடுத்துப் புதுப் பாவு வாங்கிவர முதலாளி கடைக்குப் போயிருந்தார். நான் ரேஷன் கடையில் நின்றிருந்தேன். திரும்பி வந்தபோது வாசலில் மணல். மில் சுவர்ப் பூச்சு வேலையில் மிச்சமான மணலை இரண்டு ஆட்கள் உள்ளே கொட்டி, தறிக்குழியை நிரவி, மேலே தண்ணீர் தெளித்துக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். கழற்றிய மிதிபலகைகளைச் சுவரோரம் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். அக்கா இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் பாவைத் தோளில் சுமந்தபடி அப்படியே நின்றுவிட்டார். "இன்னாக்கா இது?"

"என் வூட்டுத் தரை. நான் மூடறேன்."

"பாவு வாங்கிக்கினு வந்துட்டேன்கா. இன்னிக்கிப் பிணைக்கணும்."

"எடுத்துக்கினு போய் உன் வூட்ல பிணை."

"அங்க ரூஃப் இல்லியே!"

"அத்தத்தான் நானும் மூணு மாசமா சொல்லிக்கினு இருக்கறேன்."

எனக்குக் கண்மண் தெரியவில்லை. வாசலில் கிடந்த மணலை இரண்டு கையாலும் வாரி அவர் முன்னால் தூற்றினேன். "நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க! புள்ளகுட்டிக்காரி சாபம் சும்மா வுடாது!" என்று கத்தினேன். தெரு முழுக்க வெளியே வந்து பார்த்தது. மண்ணை வாரித் தூற்றுவது எங்கள் பக்கத்தில் லேசான விஷயமில்லை. அப்படித் தூற்றியவள் அதன் பிறகு அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

அக்கா நைட்டியில் விழுந்த மணலைத் தட்டிவிட்டார். "மணல வேஸ்ட் பண்ணாதமா. அள்ளிக்கினு போ, உன் வூட்டுப் பூச்சுக்கு ஆவும்" என்றார்.

அன்று மாலையே சாமானை ஏற்றினோம். பிள்ளைகளையும் என்னையும் என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, இவர் தறியோடும் பாவோடும் ஐயம்பேட்டைக்குப் போனார். பாவு முதலாளியுடையது, வெயிலில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. ஊரில் வெறும் குழியோடு இருந்தது ஒரே ஒரு வீடு, அண்ணன் வீடு. அவர் மகன் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து இரண்டாவது குழியைப் பலகை போட்டு மூடி வைத்திருந்தார்கள். இவர் வாசலில் போய் நின்றாராம். ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனும் பேசவில்லை. எழுந்துபோய்ப் பலகையை எடுத்துவிட்டாராம்.

ஒரே அறையில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நெய்தார்கள். முதல் சேலை முழுக்கப் பேச்சில்லை. இரண்டாவது சேலையில் ஜரிகை அறுந்தபோது அண்ணன் எழுந்து வந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். மூன்றாவது சேலை முடிவதற்குள் இவர் கிழக்குச் சுவரை இடித்து ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்டச் சம்மதித்துவிட்டார். அண்ணன் கூடவே நின்று கல் எடுத்துக் கொடுத்தார். வருஷம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது ரூஃப் போட்டோம்.

அன்றைக்கு அக்கா வந்தார். கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் ஸ்கூட்டி வந்தது எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது சந்து முனையில் நின்றிருந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. முன்னால் ஒரு பெரிய பாத்திரம் துண்டு கட்டி இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்களுக்கு டீ ஊற்றப் போனேன். "வாங்கக்கா" என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது சந்து காலியாக இருந்தது. அந்தச் சோற்றை எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. நாங்கள் காலி பண்ணிய மறுவாரமே அந்தப் போர்ஷனுக்கு இன்னொரு நெசவுக் குடும்பம் வந்து, அதே மணலைத் தோண்டி எடுத்துத் தறி இறக்கியது. அவர்களுக்காகத்தான் எங்களைத் துரத்தினார் என்று சொல்கிறவர்கள் உண்டு. அண்ணன் வீட்டில் வெறும் குழி இருப்பது அவருக்கு முன்பே தெரியும் என்று சொல்கிறவர்களும் உண்டு. முதல் நாள் வந்தபோது அண்ணன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாரா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து நாங்கள் மாடியில் ஒரு அறை கட்டினோம். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஒரு சின்னக் குடும்பம் வாடகைக்குக் கேட்டது. அவர்களும் மானிய ஆர்டர் வாங்கி வீட்டை இடித்தவர்கள்தான். எனக்கு அக்காவைப் பார்க்காமல் சாவி கொடுக்க மனம் வரவில்லை. வெட்கத்தை விட்டு மில்லுக்குப் போனேன்.

"இன்னாமா, பூச்செல்லாம் முடிஞ்சிதா?" என்றார், நேற்றுப் பார்த்தவர் போல.

விஷயத்தைச் சொன்னேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மில்லை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஆர்டரப் பாக்காத, மனையப் பாரு. புருஷங்கிட்ட எப்ப முடியும்னு கேக்காத, கொத்தனாரக் கேளு. பில்லு வந்தா அது செங்கலா மாறுதா, வேற எங்கனா போவுதான்னு கண்ணு வையி. பக்கத்து மனக்காரங்கிட்ட பேசறாங்களான்னு விசாரி." சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் கெடக்கட்டும். திட்டு வாங்க முடியுமா உன்னால?"

நான் சிரித்தேன். "நான் திட்டாத திட்டாக்கா?"

"அதான் கேக்கறேன். எதிர்ல நின்னு மண்ண வாரித் தூத்துனா தட்டிவுட்டுக்கினு நிக்கணும். நிப்பியா? முடியலன்னா கம்பெனிக்காரனுக்கு வுட்டுட்டுப் போய்க்கினே இருமா. பாவம் பாக்கறவங்களுக்கு இந்த ஆளுங்க வேணாம்."

நிற்பேன் என்றேன். சாவியையும் கொடுத்தேன். அதற்கு அடுத்த வருஷம் மில்லையும் போர்ஷன்களையும் விற்றுவிட்டு அக்கா ஓசூருக்குப் பெரிய மகனிடம் போய்விட்டார்.

மாடிக்காரர்களுக்கு பேஸ்மட்டத்துக்கு பில் வந்தது. அது தங்கை கல்யாணத்துக்குப் போனது. கேட்க வாயெடுத்தேன், அந்தப் பெண் கண் கலங்கினாள், விட்டுவிட்டேன். அப்புறம் கொத்தனார் கிடைக்கவில்லை என்றார்கள். கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். எல்லாமே உண்மைதான். ஒவ்வொரு தடவையும் படியேறிப் போவேன், குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்கும், காபி குடித்துவிட்டு இறங்கி வருவேன். வருஷம் முடிந்தது. ஆர்டர் கேன்சல் ஆனது. திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயில் பக்கம் போகும்போது அவர்கள் மனையைப் பார்ப்பேன். இடுப்பளவு சுவர், உள்ளே ஆமணக்குச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது.

இப்போது மூன்றாவது வருஷமாக மாடியில்தான் இருக்கிறார்கள். வாடகை தேதி தவறுவதில்லை. போன பொங்கலுக்கு அந்தப் பெண் தட்டு நிறையப் பலகாரத்தோடு இறங்கி வந்தாள். வந்திருந்த என் நாத்தனாரிடம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க அக்கா மாதிரி ஹவுஸ் ஓனரு ஏழு ஜென்மத்துக்கும் கெடைக்காதுங்க. இத்தினி வருஷத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எப்ப போறீங்கன்னு எங்கள ஒரு வார்த்த கேட்டதில்ல."

"ஆமாம்மா" என்றேன். "கேக்கல."